உப்புக் காற்றில் ஸ்கிரீன் பிரிண்டிங்: மண்டபத்துத் தம்பிக்குப் பதில்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தை மாதம் அவர் அக்காவுக்குக் கல்யாணம். 200 தாம்பூலப் பையை வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்ட் அடித்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு கிட் வாங்கியிருக்கிறார். மூன்று முறை ஸ்கிரீன் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை) போட்டும், தண்ணீர் பட்டதும் அதில் தடவிய எமல்ஷன் பசை மொத்தமாகக் கழன்று ஓடிவிட்டது. நான்காவது எப்படியோ நின்றது. அதில் அடித்த மாதிரிப் பை இரண்டு துவைப்பில் வெளுத்துவிட்டது. "வீடியோவில் பார்த்தபடியேதான் செய்தேன் அண்ணே, எங்கே தப்பு? இதே ஸ்கிரீனை வைத்து எங்க டீம் ஜெர்சி 15-க்கும் நம்பர் அடிக்கலாமா?" என்பது கேள்வி.

தம்பி, உங்களுக்கு முன்னால் இதில் ஆறு ஸ்கிரீன் தோற்றவன் நான். திருப்பூரில் 11 வருஷம் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு உச்சிப்புளிக்குத் திரும்பினேன். அங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையை இங்கே வீட்டுத் திண்ணையில் செய்தேன். அதே எமல்ஷன், அதே கை. ஒன்றுகூட நிற்கவில்லை. சரக்கு பழசு என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பட்டறையில் பூட்டிய அறைக்குள் ஹீட்டர் போட்டு ஸ்கிரீனைக் காய வைப்போம். இங்கே நான் ஜன்னலைத் திறந்துவைத்து, கடலைப் பார்த்தபடி ஃபேன் போட்டுக் காய வைத்திருக்கிறேன். இரவெல்லாம் அந்த ஃபேன் ஸ்கிரீன் மேல் கடல் ஈரத்தை வாரி இறைத்திருக்கிறது.

எமல்ஷன் என்பது பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசை. அதில் வெளிச்சம் பட்டால் இறுகச் செய்யும் மருந்து ஒன்றைக் கலக்கிறோம். வலையில் தடவிக் காய வைத்து, மேலே டிசைன் அச்சடித்த தாளை வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் தண்ணீரில் கரையாத தோலாக மாறும். கறுப்பு மறைத்த இடம் பசையாகவே இருந்து, கழுவும்போது ஓடிவிடும். அந்த ஓட்டை வழியாகத்தான் மை இறங்குகிறது. இதில் முக்கியமான சங்கதி, உள்ளே ஈரம் இருந்தால் அந்த மருந்து சரியாகப் பிடிக்காது. மேல்பக்கம் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், வலையை ஒட்டிய அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். வெயிலில் எவ்வளவு நேரம் காட்டினாலும் அடி பிடிக்காது. தண்ணீர் அடித்ததும் தோல் உரிகிற மாதிரி மொத்தமும் கழன்று வரும். நீங்கள் சொன்னது அச்சு அசல் இதேதான்.

ஈரத்தை அளக்க மீட்டர் வாங்க வேண்டியதில்லை. அடுப்படியில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீர் இழுத்துக் கசியும். கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே பிசுபிசுக்கும். எமல்ஷன் நன்றாகக் காய 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உத்தமம். ஆக, கல் உப்பு கையில் ஒட்டினால் அன்றைக்கு எமல்ஷன் டப்பாவையே திறக்காதீர்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் தொடங்கலாம். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டிருக்கும் நேரமும் சரியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும், மழையும் கூடவே வரும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் துணி மளமளவென்று காயும், ஆனால் புழுதி வந்து எமல்ஷனில் உட்கார்ந்துகொள்ளும். மணல் துகள் உட்கார்ந்த ஒவ்வொரு இடமும் பின்னால் ஒரு ஊசித்துளை. நமக்கு வசதியான மாதம் என்று பார்த்தால் மாசி முதல் சித்திரை வரைதான். கல்யாணம் தையில் என்றால் அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் காற்றை வெளியே நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் காய வைக்கிற வழியைச் சொல்கிறேன்.

மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி பெரிய அளவில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் அதற்கா பஞ்சம்! சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி இரண்டு நாள் காய வைத்தால் வாடை போய்விடும், போகாவிட்டாலும் எமல்ஷனுக்கு மூக்கு கிடையாது. பெட்டியின் அடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கைப்பிடி போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி வையுங்கள். நீற்றாத சுண்ணாம்பு சுற்றியிருக்கும் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மூன்று, நான்கு தடவைக்குப் பிறகு மாவாக உதிர்ந்துவிடும், அப்போது புதிது போடுங்கள். அதன்மேல் தண்ணீர் மட்டும் சிந்திவிடக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் பரண் மேல் வையுங்கள். சுண்ணாம்பு பயமாக இருந்தால், பீரோவில் தொங்கவிட ஈரம் உறிஞ்சும் பாக்கெட் கடையில் விற்கிறதே, அது இரண்டு போதும். தெர்மாகோல் வழியாக வெளிச்சம் கசியும் என்பதால் பெட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றிவிடுங்கள். எமல்ஷன் தடவிய ஸ்கிரீனை முதலில் மூடிய இருட்டறையில் ஒரு மணி நேரம் வைத்து, சொட்டாத பதம் வந்ததும் பெட்டிக்குள் படுக்கைவாட்டில், துணியில் படப்போகும் பக்கம் கீழே இருக்கும்படி, நாலு மூலைக்கும் நாலு கட்டை வைத்து இரவு முழுக்க விடுங்கள். எனக்கு ஏழாவது ஸ்கிரீன் நின்றது இந்தப் பெட்டியில்தான்.

தடவும் முன் வலையைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். புது வலையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நம் விரல் பட்டாலே இருக்கும். எமல்ஷனை ஸ்கேல் அளவுக்கு நேரான விளிம்புள்ள பிளாஸ்டிக் தகடால் பக்கத்துக்கு ஒரு தடவை இழுத்து, வழிந்ததை வழித்தெடுத்துவிடுங்கள். கனமாகத் தடவினால் நன்றாக நிற்கும் என்று தோன்றும். அது கனம் கூடக் கூடக் காயாது. வேலை முழுவதும் ஜீரோ வாட் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நடக்கட்டும், டியூப்லைட் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில கடைகளில் மலிவாக, ஆரஞ்சு நிறக் கரைசல் ஒன்றை எமல்ஷனோடு தருவார்கள், பைகுரோமேட் என்பார்கள். பட்டறைகளில் அந்தக் காலத்திலிருந்து புழங்குவதுதான், நானும் வருஷக்கணக்கில் வெறுங்கையால் தொட்டிருக்கிறேன். அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவழைக்கும் சரக்கு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து நிலத்தடி நீரையே கெடுத்த கதை ஊருக்கே தெரியும். வீட்டு முற்றத்தில் கழுவி, மணலில் இறக்கி, மன்னார் வளைகுடாப் பக்கம் விடுகிற தண்ணீரில் அது கலக்க வேண்டாம். குரோமியம் இல்லாத டயஸோ எமல்ஷன் என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல். கலந்த பிறகு ஃபிரிட்ஜில், சாப்பாட்டுச் சாமானுக்குத் தள்ளி, மூடி வைத்தால் சில வாரம் தாங்கும்.

அடுத்தது வெயில். வீடியோக்காரர்கள் லைட் பெட்டி, யுவி விளக்கு என்று செலவு வைப்பார்கள். நமக்கு எதற்கு? ராமநாதபுரம் கடற்கரை ஏறக்குறைய 9 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் தேதியை ஒட்டியும், ஆவணியில் ஒரு தடவையும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நம் நிழல் நம் காலுக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த நாட்களில் ஸ்கிரீனைத் தரையில் படுக்க வைத்தாலே வெளிச்சம் செங்குத்தாக விழும், எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி வரும். ஐப்பசி, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது படுக்க வைத்தால் வெளிச்சம் சாய்வாக நுழைந்து, கறுப்பின் ஓரத்துக்கு அடியிலும் எமல்ஷனை இறுக்கிவிடும், மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் ஸ்கிரீனைத் தெற்கு பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். சட்டத்தின் மேல் ஒரு ஆணியை நிறுத்திப் பாருங்கள், அதன் நிழல் எங்கும் சாயாமல் ஆணிக்குள்ளேயே அடங்கினால் கோணம் சரி.

எத்தனை நிமிஷம் என்று கேட்பீர்கள். அதை நான் சொன்னால் நம்பாதீர்கள், வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எமல்ஷனுக்கு எமல்ஷன், மேகத்துக்கு மேகம் மாறும். ஒரு ஸ்கிரீனைச் சோதனைக்கென்றே தியாகம் செய்யுங்கள். டிசைன் வைத்து, அதன்மேல் அட்டையால் மூடி, 30 விநாடிக்கு ஒரு தரம் அட்டையை இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். ஆறு தரம் நகர்த்தினால் முதலில் திறந்த பட்டை 180 விநாடி வெயில் பார்த்திருக்கும், கடைசிப் பட்டை 30 விநாடி. கழுவிப் பார்த்தால் எந்தப் பட்டை வழவழப்பில்லாமல் நிற்கிறது, எதில் எழுத்துத் திறக்காமல் அடைத்துக்கொண்டது என்று கண்ணுக்குத் தெரியும். வழவழக்காமல் நின்றவற்றில் ஆகக் குறைந்த நேரம் எதுவோ அதுதான் உங்கள் நேரம். என் எமல்ஷனுக்குச் சித்திரை நடுப்பகலில் ஒன்றரை நிமிஷம் ஆகிறது. சோதனையைப் பகல் 12 மணிக்குச் செய்துவிட்டு உண்மையான ஸ்கிரீனைச் சாயங்காலம் 4 மணிக்குக் காட்டினால் கணக்கு தவறிவிடும், இதையும் நான் செய்திருக்கிறேன்.

டிசைன் தாளை ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்டரில் டிரேசிங் பேப்பரில் எடுங்கள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்பு வழியாக வெளிச்சம் தெரிந்தால் இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். டிரேசிங் பேப்பர் கிடைக்காவிட்டால் சாதாரணத் தாளில் எடுத்துப் பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மை இருக்கும் பக்கம் வலையின் வெளிப்பக்கத்தில், அதாவது துணியில் படப்போகும் பக்கத்தில், ஒட்டியிருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். அதன்மேல் கனமான கண்ணாடி, வலைக்கு அடியில் கறுப்புத் துணி சுற்றிய பஞ்சு அல்லது பழைய தலையணை. தாளுக்கும் வலைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எழுத்து ஊதிவிடும்.

வெயிலிலிருந்து எடுத்ததும் நேராகத் தண்ணீருக்குள். இரண்டு பக்கமும் நனைத்து ஒரு நிமிஷம் விட்டு, பிறகு மெல்லிய பூவாளித் தாரையில் கழுவுங்கள். கழுவிக் காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை தேடுங்கள். தமிழில் அடிக்கிறவர்களுக்கு இது இரட்டை வேலை. ஆங்கில எழுத்தில் ஊசித்துளை ஒன்று மை தெறித்த மாதிரி போய்விடும், தமிழில் அது புள்ளியாகி எழுத்தையே மாற்றிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணத்தில் "வருக வருக" என்பது பை முழுவதும் "வருக் வருக" என்று விழுந்தது. 300 பை அடித்த பிறகு மாமனார்தான் கண்டுபிடித்தார். எதிர்க்கேடும் உண்டு: உண்மையான புள்ளி திறக்காமல் அடைத்துக்கொண்டால் "அன்புடன்" "அனபுடன்" ஆகிவிடும். அதனால் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போதே புள்ளி பெரிதாகவும், ண, ஞ, ழ சுழிகள் திறந்தும் இருப்பதாகப் பாருங்கள். துணி மை கொஞ்சம் பரவும். ஒரு மில்லிமீட்டருக்கு மெலிந்த கோட்டை நம்பாதீர்கள். மாப்பிள்ளை படிப்பு, தாத்தா பாட்டி பெயர், கல்யாண மண்டபத்து விலாசம் எல்லாம் பத்திரிகையில் இருக்கட்டும். பையில் ஒரு குத்துவிளக்கு, இரண்டு பெயர், தேதி, ஊர் போதும்.

வலை, சட்டம் பற்றிச் சுருக்கமாக. கிட்டில் வந்த வலை எத்தனை நம்பர் என்று பாருங்கள். துணிக்கு 43 நம்பர் வலை சரி, ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. கார்டு அடிக்கிற 120 நம்பர் வலையைக் கொடுத்திருந்தால் பையில் மை இறங்கவே இறங்காது. மரச்சட்டம் நம் ஊரில் ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். இரண்டு கோட் வார்னிஷ் அடித்து, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். வலை தம்பட்டம் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். 1907-ல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியபோது வலை பட்டுத்துணி, அதனால்தான் இன்னும் பழைய ஆட்கள் சில்க் ஸ்கிரீன் என்கிறார்கள். இப்போது எல்லாம் பாலியெஸ்டர், ஈரத்துக்குத் தொய்யாது.

இனி மை. இரண்டு துவைப்பில் வெளுத்ததற்கு மூன்று காரணம் இருக்கலாம், உங்கள் விஷயத்தில் மூன்றும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலாவது துணியின் கஞ்சி. காடாத் துணியில் நெசவுக்காகப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். மை இழையைத் தொடாமல் கஞ்சி மேல் உட்காரும். துவைத்தால் கஞ்சி போகும், கூடவே மையும் போகும். தைத்த 200 பையை உட்கார்ந்து துவைக்க முடியாது. பை தைக்கக் கொடுக்கும் இடத்தில் கஞ்சி எடுத்துச் சாயம் போட்ட துணியாகக் கேளுங்கள். நல்ல மஞ்சள் சாயத் துணி பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே உறிஞ்சினால் கஞ்சி இல்லை, முத்தாக நின்றால் இருக்கிறது.

இரண்டாவது காரணம் தண்ணீர். இதை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் ஊரில் இந்தப் பிரச்சினை இல்லை. துணிக்கு அடிக்கும் பிக்மென்ட் பேஸ்ட் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதில் சேர்க்கும் செயற்கைக் கெட்டிப்பான், அக்ரிலிக் வகை. அதற்கு உப்பு ஆகாது. நம் போர் தண்ணீரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் தயிர் மாதிரி இருந்த பேஸ்ட் மோர் மாதிரி ஆகிவிடும். எழுத்து ஓரம் கசியும், நீங்கள் மெலிந்துபோச்சே என்று கலரை இன்னும் கொட்டுவீர்கள். பேஸ்ட்டைத் தளர்த்த வேண்டுமென்றால் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர்தான். ஸ்கிரீனைக் கழுவப் போர் தண்ணீர் பரவாயில்லை, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் வலையில் வெள்ளைப் பூப்பு படியும்.

கலர் அளவும் இதோடு சேர்ந்தது. ஒரு கிலோ பேஸ்ட்டுக்கு 30 முதல் 50 கிராம் கலர் போதும். அதற்கு மேல் போட்டால் பளிச்சென்று தெரியும், ஆனால் கலரைப் பிடித்துவைக்கப் பைண்டர் போதாமல் கையில் ஒட்டும், துவைத்தால் உதிரும். மஞ்சள் பையில் நீலம் அடிக்கலாமா என்று யோசித்தால், சாதாரண பேஸ்ட் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், நீலம் மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகத்தான் விழும். குங்குமச் சிவப்பு, அரக்கு இரண்டும் மஞ்சளில் அப்படியே நிற்கும். கல்யாண மஞ்சப்பையில் எல்லாரும் சிவப்பே அடிப்பது மங்கலத்துக்காக மட்டுமென்று நினைத்துக்கொண்டிருந்தேன், பட்டறைக்குப் போன பிறகுதான் அதில் தொழில் சூட்சுமமும் இருப்பது தெரிந்தது. 2019 ஜனவரி முதல் தேதியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" தொடங்கிய பிறகு இந்தப் பைகளைச் சனங்கள் தூக்கி எறியாமல் மீன் மார்க்கெட்டுக்கும் காய்கறிக்கும் எடுத்துப் போகிறார்கள். அதனால் துவைப்புத் தாங்க வேண்டும் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான்.

மூன்றாவது காரணத்துக்கு முன், அச்சடிக்கும் நாளைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை நமக்கு எதிரியாக இருந்த ஈரக்காற்று அன்றைக்கு உதவிக்கு வரும். தண்ணீர் மை வலையின் கண்ணுக்குள் காய்ந்து அடைத்துக்கொள்வதுதான் அச்சடிக்கிறவனுக்குப் பெரிய தலைவலி. திருப்பூரில் பகல் சூட்டில் பத்துப் பீஸுக்கு ஒரு தரம் ஈரத்துணியால் துடைப்போம். கடற்கரையில் ஃபேனை நிறுத்திவிட்டால் மை ஈரமாகவே இருக்கும். காலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள் அடித்துவிடுங்கள். மையில் ஒரு ஸ்பூன் கிளிசரின் விட்டுக்கொள்ளலாம்.

மேஜை மேல் பழைய கம்பளி, அதன்மேல் இறுக்கமாக ஒரு வெள்ளைத் துணி. ஸ்கிரீனை ஒரு பக்கம் கதவுக் கீல் போட்டு மேஜையோடு பிணைத்துவிடுங்கள். சட்டத்தின் அடியில் மூலைக்கு இரண்டு ஒரு ரூபாய்க் காசு ஒட்டினால் வலை துணியைத் தொடாமல் சற்றே மேலே நிற்கும், மையை இழுக்கும் ரப்பர் பட்டை கடக்கும் இடத்தில் மட்டும் தொட்டு உடனே விலகும். விலகாமல் ஒட்டிக்கொண்டால் எழுத்து இழுபடும். பைக்குள் ஒரு அட்டையை நுழையுங்கள், இல்லையென்றால் பின்பக்கத்துக்கும் மை போய்விடும். அழுத்தாமல் ஒரு இழுப்பில் மையை வலையில் நிரப்பி, ஸ்கிரீனை இறக்கி, ரப்பரை ஏறக்குறைய 60 பாகை சாய்த்து ஒரே சீராக இழுங்கள். முதல் பத்து, பழைய தினசரித் தாளில் போகட்டும். இன்னொருவர் பை வைத்து எடுக்க இருந்தால் மணிக்கு 40 பை சுலபமாக முடியும். இடையில் டீ குடிக்கப் போகாதீர்கள், போகத்தான் வேண்டுமென்றால் வலையில் மையை நிரப்பிவைத்துவிட்டு ஈரத்துணியால் மூடிவிட்டுப் போங்கள். முடிந்ததும் மையை டப்பாவுக்கு வழித்துவிட்டு, அந்த நிமிஷமே கழுவ வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்றால் அந்த ஸ்கிரீன் போயிற்று.

எமல்ஷன் வேலைக்குப் போகுமுன் இழுப்பு பழக ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. வெறும் வலைக்கு அடியில் விளக்கு வடிவம் வெட்டி எடுத்த தினசரித் தாளை வைத்து மை இழுங்கள். முதல் இழுப்பிலேயே தாள் வலையில் ஒட்டிக்கொள்ளும், 15, 20 பிரதி வரை வரும். எழுத்து வராது, படம் மட்டும்தான். கை பழகிவிடும்.

இப்போது மூன்றாவது காரணம், சூடு. காய்ந்த மையும் வெந்த மையும் வேறு வேறு. நம் ஊரில் காய்வதே சிரமம் என்பதால் காய்ந்தவுடன் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். பைண்டர் இழையோடு பிடித்துக்கொள்ள ஏறக்குறைய 150 டிகிரி சூடு மூன்று முதல் ஐந்து நிமிஷம் வேண்டும். இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் குறியில் வைத்து, ஆவி இல்லாமல், அச்சின் மேல் வெள்ளைத் துணி போட்டு, அந்த இடத்திலேயே மெதுவாக நகர்த்திக்கொண்டு நாலு நிமிஷம். நீங்கள் பத்து விநாடி தேய்த்திருப்பீர்கள். அதோடு, இரவு கொடியில் தொங்கிய பை விடிகாலையில் பனியும் உப்பும் குடித்திருக்கும். அதை அப்படியே தேய்த்தால் சூட்டில் பாதி அந்த ஈரத்தை ஓட்டுவதற்கே போய்விடும். நடுப்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டு, சூடு ஆறுவதற்குள் இஸ்திரிக்கு எடுங்கள்.

இந்தக் கணக்கில் 200 பைக்கு 800 நிமிஷம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். பின்பக்கமும் அடித்தால் இரு மடங்கு. இதனால்தான் ஒரு பக்கம் போதும் என்கிறேன். ஊரில் டி-ஷர்ட், கப் அச்சடிக்கும் கடையில் ஹீட் பிரஸ் என்ற சூடாக அழுத்தும் இயந்திரம் இருக்கும். பைகளைக் கட்டிக்கொண்டு போய் ஒரு பைக்கு இவ்வளவு என்று பேசி அழுத்தி வாங்கிவிடலாம், நான் என்றால் அதைத்தான் செய்வேன். அதுவும் இல்லையென்றால், அறைச் சூட்டிலேயே பிடிக்கும் ஃபிக்ஸர் கிடைக்கிறது. 100 கிராம் மைக்கு இரண்டு கிராம் அளவில் கலந்து, அடித்த பையை நாலைந்து நாள் மடிக்காமல் தொங்கவிட வேண்டும். ஃபிக்ஸர் கலந்த மை டப்பாவில் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். எந்த வழியில் போனாலும் முதல் பையை நடுவில் வெட்டி, ஒரு பாதியைச் சலவைத்தூளில் மூன்று தரம் கசக்கித் துவைத்து, மற்ற பாதியோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மிச்சம் 199-ஐத் தொடலாம்.

தேதிக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகையில் ஸ்கிரீன், மார்கழி முதல் வாரம் அச்சு, அடுத்த வாரம் சூடு. பனி அதிகம் என்பதால் மார்கழிக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

ஜெர்சிக்கு வருகிறேன். இந்த ஸ்கிரீன், இந்த மை, இந்தச் சூடு மூன்றையும் ஜெர்சியில் காட்ட வேண்டாம். ஜெர்சி பாலியெஸ்டர். அதன் சாயம் 150 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகி மேலே ஏறும். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை நம்பர் அடித்து இஸ்திரி போட்டால், எடுக்கும்போது வெள்ளையாக இருக்கும், ஒரு வாரத்தில் ரோஸ் நிறமாகிவிடும். பருத்தி பேஸ்ட் அதில் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது, விளையாடி வேர்த்தால் உரியும். 15 என்பது சின்ன எண்ணிக்கை. குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் நம்பர் வெட்டித் தருகிற கடையில் கொடுத்தால் அரை நாளில் முடியும். புதிதாகவே தைக்கப் போகிறீர்கள் என்றால், வெள்ளைத் துணியில் சப்ளிமேஷன் (சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும்) முறையில் பெயர், நம்பர், கோடு எல்லாம் சேர்த்து அடித்துத் தைத்துத் தரத் திருப்பூரில் ஆட்கள் இருக்கிறார்கள். அளவுப் பட்டியலை மட்டும் இரண்டு தரம் சரிபார்த்து அனுப்புங்கள், கோல்கீப்பருக்குக் கை நீளம் வேறு.